செயினில் லிங்க் குறைப்பதற்கு முன்னும் பிறகும்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

மோட்டார் சைக்கிள் செயினிலிருந்து இரண்டு லிங்க் எடுப்பது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான். புதிய செயின் தேவைக்கு மேல் நீளமாக வந்திருந்தால் வெட்டலாம். ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரத்தை) சிறியதாக மாற்றியிருந்தால் வெட்டலாம். ஓடித் தேய்ந்து நீண்டுபோன செயினை மட்டும் வெட்டக் கூடாது. இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். காரணத்தைக் கணக்கோடு கீழே சொல்கிறேன்.

எந்த அறிகுறியைத் தேடி வந்திருந்தாலும் முதலில் இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் மட்டும் சுற்றுங்கள். இன்ஜினைக் கியரில் ஓடவிட்டு, சுழலும் செயினில் துணி பிடிப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். செயினுக்கும் பல்லுக்கும் நடுவே போன விரல் முழுதாகத் திரும்பி வராது.

அட்ஜஸ்டர் கடைசிக் கோட்டைத் தொட்டுவிட்டது, செயின் இன்னும் தொங்குகிறது

அட்ஜஸ்டர் என்பது பின்சக்கரத்தைப் பின்னால் நகர்த்திச் செயினை விறைப்பாக்கும் திருகு. வெகுகாலம் ஓடிய செயின் என்றால் கட்டரை (செயினின் பின்னைத் தள்ளி வெளியேற்றும் கருவியை) தொடாதீர்கள், அளவுகோலை எடுங்கள்.

செயின் நீள்கிறது என்கிறோம். உண்மையில் தகடுகள் இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் நடுவே ஒரு பின் (சிறு தண்டு), அதைச் சுற்றி ஒரு புஷ் (குழல்), அதற்கும் வெளியே சுழலும் உருளை. ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இன்று ஓடும் செயின்களும் இதே அமைப்புத்தான். செயின் ஸ்ப்ராக்கெட்டில் ஏறி வளையும்போதெல்லாம் பின் புஷ்ஷுக்குள் உராய்கிறது. இரண்டும் தேயத் தேய, ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு உள்ள தூரம் மயிரிழை அளவில் கூடுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட மூட்டுகளில் கூடிய அந்த மயிரிழைகளின் மொத்தம்தான் நம் கண்ணுக்குத் தெரியும் தொய்வு.

அளப்பது எளிது. செயினை விறைப்பாக்கி, நேராக நிற்கும் பகுதியில் 21 பின்களை எண்ணுங்கள். முதல் பின்னின் நடுவிலிருந்து கடைசிப் பின்னின் நடு வரை 20 லிங்க். செயின் எண்ணின் முதல் இலக்கம், ஒரு லிங்கின் நீளம் அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்பதைச் சொல்கிறது. 420, 428 வகையில் அது 12.7 மி.மீ.; எனவே 20 லிங்க் புதிதில் 254 மி.மீ. இருக்கும். 520, 525, 530 வகையில் ஒரு லிங்க் 15.875 மி.மீ.; 20 லிங்க் 317.5 மி.மீ. ஓ-ரிங் (மூட்டுக்குள் கிரீஸைக் காக்கும் ரப்பர் வளையம்) உள்ள செயின்களுக்கு 1 சதவீத நீட்சியையே பொதுவாக எல்லையாகக் கொள்கிறார்கள். அதாவது முதல் வகையில் சுமார் 256.5 மி.மீ., இரண்டாவதில் சுமார் 320.7 மி.மீ. உங்கள் வண்டியின் கையேடு வேறு எல்லை தந்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். தேய்மானம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது. மூன்று நான்கு இடங்களில் அளந்து, அவற்றில் மிக அதிகமானதைக் கணக்கில் எடுங்கள்.

இப்போது நான் சொன்ன கணக்கு. உங்கள் செயினில் 120 லிங்க் இருக்கிறது என்று கொள்வோம். அது இரண்டு லிங்க் எடுக்கும் அளவுக்கு நீண்டிருந்தால், நீட்சி 120இல் 2 பங்கு, அதாவது 1.67 சதவீதம். 110 லிங்க் செயின் என்றால் 1.82 சதவீதம். ஆக, தேய்மானத்தால் இரண்டு லிங்க் எடுத்தால்தான் சரிவரும் என்ற நிலைக்கு வந்த செயின், மாற்ற வேண்டிய எல்லையை எப்போதோ கடந்துவிட்டது. இரண்டு லிங்கை எடுத்தால் மொத்த நீளம் குறையும். மிச்சமுள்ள 118 லிங்கும் நீண்டது நீண்டபடியே இருக்கும். நீண்ட லிங்க் பல்லிடுக்கின் அடியில் உட்காராமல் மேலே ஏறி உட்காரும். பல்லைக் கொக்கியாக வளைத்துவிடும். ஒருநாள் வேகமெடுக்கும் நேரத்தில் பல் தாண்டிக் குதிக்கும். வெட்டியதால் தொய்வு மறைந்துவிடுவதால், மாற்றச் சொல்லி எச்சரித்துக்கொண்டிருந்த ஒரே அடையாளமும் போய்விடுகிறது. எனக்கு இதில் மிகவும் கவலை தருவது அதுதான்.

அளவுகோல் கையில் இல்லாவிட்டால், பின்சக்கர ஸ்ப்ராக்கெட்டின் பின்புற விளிம்பில் செயினை விரலால் வெளியே இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செயினின் ஆயுள் முடிந்தது. அப்போது செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள். முன் ஸ்ப்ராக்கெட் கவருக்குள் ஒளிந்திருப்பதால் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். பற்கள் குறைவு என்பதால் ஒவ்வொரு பல்லும் அதிகமுறை வேலை செய்கிறது. தேய்வதும் அதுவே முதலில்.

நீட்சி எல்லைக்குள்ளேயே இருக்கிறது, ஆனாலும் அட்ஜஸ்டர் தீர்ந்துவிட்டது என்றால், செயினில் லிங்க் எண்ணிக்கையே தவறு. அடுத்த பகுதி உங்களுக்கானது.

புதுச் செயின் மாட்டியதுமே தளர்வாக இருக்கிறது

இங்கேதான் லிங்க் குறைப்பதற்கு நியாயம் இருக்கிறது. முதல் வேலை எண்ணுவது. லிங்கை எண்ணினால் குழப்பம் வரும், உருளைகளை எண்ணுங்கள். லாக் லிங்க் (இரு முனைகளையும் இணைக்கும் தனி வெளி லிங்க்) போடாத செயினில், இரு முனையும் உள் லிங்காக (உருளைகள் உள்ள குறுகலான லிங்காக) இருக்கும்போது, உருளைகளின் எண்ணிக்கைதான் இணைத்த பிறகு வரும் லிங்க் எண்ணிக்கை. பத்துக்கு ஒரு முறை சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே போனால் தவறாது. கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள்.

பழைய செயினைப் பக்கத்தில் நீட்டி வைத்து, அதே நீளத்துக்குப் புதியதை வெட்டுவது பரவலான பழக்கம். அது உங்களை ஏமாற்றும். மேலே பார்த்த கணக்குப்படி, நன்றாகத் தேய்ந்த 120 லிங்க் செயின், புதிய 122 லிங்க் செயினின் நீளத்துக்கு வந்திருக்கும். அந்த நீளத்துக்கு வெட்டினால் முதல் நாளே அட்ஜஸ்டர் பாதி தூரம் போயிருக்கும். பழையதிலும் உருளையை எண்ணுங்கள்; நீளத்தை ஒப்பிடாதீர்கள்.

கையேடு இல்லை, அல்லது ஸ்ப்ராக்கெட் மாறியிருக்கிறது என்றால் கணக்குப் போடலாம். கியர் பாக்ஸ் தண்டின் நடுவிலிருந்து பின் ஆக்சிலின் நடு வரை அளந்து, அதை இரட்டித்து, ஒரு லிங்கின் நீளத்தால் வகுங்கள். இரு ஸ்ப்ராக்கெட்டுகளின் பற்களைக் கூட்டி, அதில் பாதியைச் சேருங்கள். ஓர் எடுத்துக்காட்டு: 428 செயின், இடைவெளி 580 மி.மீ., முன்னால் 14 பல், பின்னால் 42 பல். 1160ஐ 12.7ஆல் வகுத்தால் 91.3. பற்களின் கூட்டுத்தொகை 56. அதில் பாதி 28. மொத்தம் 119.3. இரு ஸ்ப்ராக்கெட்டும் ஒரே அளவாக இல்லாததால் இதோடு இன்னும் 0.4 சேரும். அடுத்த இரட்டைப்படை எண் 120. அதுவே உங்கள் எண். அளக்கும்போது ஆக்சில் அதன் பாதையில் முன்பக்கமாக இருக்கட்டும். ஆனால் முன்னோரத்தில் ஒட்டி நிற்க வேண்டாம்.

இரட்டைப்படை என்பது கட்டாயம். உள் லிங்கும் வெளி லிங்கும் மாறி மாறி வருவதால் ஒற்றை லிங்கை எடுத்தால் முனைகள் பொருந்தாது. ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் வளைந்த அரை லிங்க் ஒன்று கிடைக்கிறது; மோட்டார் சைக்கிளில் அதைப் போட வேண்டாம் என்பதே என் கருத்து. வளைந்த தகடு நேர்த்தகட்டின் இழுவிசையைத் தாங்காது.

பின் ஸ்ப்ராக்கெட்டில் பல் குறைத்தவர்களுக்கு ஒரு சொல். குறைத்த பற்களில் பாதிதான் குறையும் லிங்க் எண்ணிக்கை. 42 பல்லை 40 ஆக்கினால் ஒரு லிங்க் நீளம் மிஞ்சும், வெட்ட வழியில்லை. 428 செயினில் ஆக்சிலை ஏறத்தாழ 6.35 மி.மீ. பின்னால் தள்ளினால் போதும். 38 ஆக்கினால் இரண்டு லிங்க் மிஞ்சும், அப்போது வெட்டுங்கள்.

பின் நகர மறுக்கிறது, அல்லது கட்டரின் ஊசி வளைந்துவிட்டது

அநேகமாகப் பின்னின் தலையைத் தேய்க்காமலே தள்ளியிருப்பீர்கள். செயின் தயாரிக்கும்போதே பின்னின் முனையை நசுக்கி அகலமாக்கித் தகட்டில் பூட்டியிருப்பார்கள். அந்த அகன்ற தலையை ஆங்கிள் கிரைண்டரால் தகட்டின் மட்டத்துக்குத் தேய்த்து எடுத்த பிறகுதான் கட்டரைப் பொருத்த வேண்டும். தேய்க்கும்போது கண்ணாடி அணியுங்கள். பெட்ரோலும் எண்ணெய்த் துணியும் தொலைவில் இருக்கட்டும். புதிய செயினை வண்டியில் மாட்டுவதற்கு முன்பே, மேசையில் வைத்து இதைச் செய்வது நல்லது. பொறி ஓ-ரிங்குகளிலோ டயரிலோ விழாது.

தேய்ப்பதற்கு முன் எந்தப் பின் என்பதை மீண்டும் ஒருமுறை உறுதிசெய்யுங்கள். விதி ஒன்றுதான்: வெட்டி முடித்ததும் உங்களிடம் இருக்கும் செயினின் இரு முனையிலும் உள் லிங்க் நிற்க வேண்டும். அப்படியானால், வைத்துக்கொள்ளப் போகும் கடைசி உள் லிங்கையும் அதற்கு அடுத்த வெளி லிங்கையும் கோக்கும் பின்தான் வெளியே போக வேண்டியது. அதைப் பெயின்டால் குறியிடுங்கள். கட்டரின் ஊசி பின்னின் நடுவில் நேராக நிற்கிறதா என்று பார்த்து, மெதுவாகத் திருகுங்கள். திடீரென்று கடினமானால் நிறுத்தி, ஊசி சாய்ந்திருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். நெருப்பில் காட்டிச் சூடாக்குவது வேண்டவே வேண்டாம். ஓ-ரிங் கருகும், உள்ளே அடைத்த கிரீஸ் உருகி ஓடும், தகட்டின் உறுதி போகும்.

செயின் வண்டியில் இருக்கும்போதே சுத்தியலால் அடித்துப் பின்னை வெளியேற்றாதீர்கள். அந்த அடி கியர் பாக்ஸ் பேரிங்குக்கும் சக்கர பேரிங்குக்கும் போகிறது. வெளியே தள்ளிய பின்னையும் அந்த வெளித் தகட்டையும் மீண்டும் அடித்து ஏற்றி இணைக்கவும் கூடாது. அந்தப் பின் ஒருமுறை வெளியே வந்துவிட்டால், துளையைப் பழைய இறுக்கத்தில் பற்றாது.

வெட்டியாயிற்று, முனைகள் சேரவில்லை

ஒரு முனையில் வெளித் தகடு நிற்கிறதா? அப்படியானால் ஒரு பின் தள்ளி வெட்டியிருக்கிறீர்கள். அந்த வெளி லிங்கை எடுத்துவிட்டுப் பாருங்கள். இரு முனையும் உள் லிங்காக இருந்தும் எட்டவில்லை என்றால், செயின் முன் ஸ்ப்ராக்கெட்டின் பல்லில் சரியாக அமர்ந்திருக்கிறதா, ஸ்விங் ஆர்மின் (பின்சக்கரத்தைத் தாங்கும் கையின்) சரியான பக்கம் போகிறதா என்று பாருங்கள். பிறகு இரு பக்க அட்ஜஸ்டரையும் தளர்த்திச் சக்கரத்தை முன்னால் தள்ளுங்கள். இரு முனைகளையும் பின் ஸ்ப்ராக்கெட்டின் அடுத்தடுத்த பற்களில் மாட்டினால் பல்லே அவற்றைப் பிடித்துக்கொள்ளும். லாக் லிங்கை நுழைக்க இதைவிட வசதியான இடம் கிடையாது.

உண்மையாகவே குட்டையாக வெட்டிவிட்டிருந்தால், வெட்டிய துண்டை இரண்டு லாக் லிங்க் போட்டு ஒட்ட ஆசை வரும். ஒரு செயினில் ஓர் இணைப்பு போதும். சரியான எண்ணிக்கையுள்ள செயின் வாங்குங்கள்.

இணைத்த மூட்டு மடங்காமல் விறைத்து நிற்கிறது

வெளித் தகட்டை அளவுக்கு மேல் அழுத்திவிட்டீர்கள், அல்லது ஓ-ரிங் நழுவி மடிந்திருக்கிறது. பக்கத்து வெளி லிங்கின் மொத்த அகலத்தை வெர்னியரில் அளந்து, இணைப்பின் அகலத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இணைப்பு குறுகலாக இருந்தால் அந்த லாக் லிங்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் தகட்டை வெளியே இழுத்தால் அதன் பிடி தளர்ந்துவிடும்.

ஓ-ரிங் செயினின் லாக் லிங்கோடு நான்கு வளையங்கள் வரும். லிங்கை நுழைப்பதற்கு முன் பின்னுக்கு ஒன்றாக இரண்டு. நுழைத்த பிறகு, வெளித் தகடு போடுவதற்கு முன் மற்ற இரண்டு. உடன் வரும் கிரீஸைப் பின்களிலும் வளையங்களிலும் தாராளமாகத் தடவுங்கள். தடவாமல் போட்டால் முதலில் எதுவும் தெரியாது. செயினின் மற்ற மூட்டுகள் நன்றாக இருக்க, அந்த ஒரு மூட்டு மட்டும் துருப்பிடித்து இறுகிவிடும்.

கிளிப் உட்காரவில்லை, அல்லது உட்கார்ந்தும் ஆடுகிறது

கிளிப் என்பது லாக் லிங்கின் வெளித் தகட்டைப் பூட்டும் சிறு வில்தகடு. பின்னில் உள்ள பள்ளம் முழுதாக வெளியே தெரியாவிட்டால் தகடு இன்னும் உள்ளே போக வேண்டும். அதற்கென்று உள்ள அழுத்தும் கருவியால் இரு பக்கமும் சமமாக அழுத்துங்கள். பள்ளம் தெரிந்த பிறகு கிளிப்பை ஒரு பின்னில் பொருத்தி, நோஸ் பிளையரால் கிளிப்பின் வால்பக்கத்தையும் பின்னையும் சேர்த்துப் பிடித்து அழுத்தினால் சொடுக்கென்று உட்காரும். ஆடும் கிளிப், விரிந்த கிளிப், ஏற்கெனவே கழற்றிய கிளிப் மூன்றும் குப்பைக்கு.

திசை முக்கியம். கிளிப்பின் மூடிய முனை, செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். வண்டி முன்னால் போகும்போது செயினின் மேல் பாதி முன்னோக்கி ஓடுகிறது. எனவே இணைப்பு மேலே இருக்கும்போது மூடிய முனை முன்சக்கரத்தைப் பார்த்து நிற்கும். கீழே வரும்போது பின்னால் பார்க்கும். மாற்றிப் போட்டால் எதிலாவது உரசும்போது கிளிப் கழன்று பறக்கும். அறுந்த செயின் முன் ஸ்ப்ராக்கெட்டில் சுருண்டு இன்ஜின் உறையை உடைக்கலாம். பின்சக்கரத்தைப் பூட்டி ஆளையும் கீழே தள்ளலாம்.

அதிக சக்தியுள்ள வண்டிகளுக்கு ரிவெட் வகை (கிளிப் இல்லாமல் பின்னின் முனையை விரித்துப் பூட்டும்) லாக் லிங்கையே நான் சொல்வேன். கையேடு ரிவெட் என்று சொன்னால் கிளிப் போட்டுச் சமாளிக்காதீர்கள். ரிவெட் முனையை விரித்த பிறகு அதன் விட்டத்தை, லிங்கோடு வரும் தாளில் உள்ள அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விரித்த விளிம்பில் மெல்லிய விரிசல் தெரிந்தாலும் அந்த லிங்க் வேண்டாம்.

ஓரிடத்தில் இறுக்கம், ஓரிடத்தில் தளர்வு

சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பல இடங்களில் தொய்வை (செயினின் நடுப்பகுதி மேலும் கீழும் அசையும் தூரத்தை) அளந்து, இருப்பதிலேயே இறுக்கமான நிலையில் சரிசெய்யுங்கள். தளர்ந்த நிலையில் சரிசெய்தால் இறுக்கமான பகுதி வரும்போது கியர் பாக்ஸ் தண்டை இழுக்கும். புதிய செயினில் இந்த வேறுபாடு பெரிதாக இருந்தால் பழைய ஸ்ப்ராக்கெட்டைச் சந்தேகியுங்கள்.

வண்டி ஓடும்போது புதிதாக ஒரு சத்தம்

வேகத்தோடு கூடும் ஊளை போன்ற ஒலி என்றால் செயின் இறுக்கமாக இருக்கிறது. லிங்க் குறைத்தவர்கள் புதிய செயின் கட்டாக நிற்க வேண்டும் என்று நினைத்து இறுக்கிவிடுகிறார்கள். முன் ஸ்ப்ராக்கெட்டின் நடு, ஸ்விங் ஆர்மின் அச்சு, பின் ஆக்சில் ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக விறைப்பாகிறது. ஆள் ஏறிச் சஸ்பென்ஷன் இறங்கும்போது அந்த நிலை வருகிறது. அதற்காகத்தான் தொய்வு விடுகிறோம். சாலை வண்டிகளில் பெரும்பாலும் 25 முதல் 35 மி.மீ. வரை இருக்கும், ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் தாளில் உங்கள் வண்டிக்கான அளவைப் பாருங்கள்.

டக் டக் என்று விட்டு விட்டு வரும் சத்தமானால் சக்கரத்தைக் கையால் சுற்றி எண்ணுங்கள். சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வந்தால், காரணம் பின் ஸ்ப்ராக்கெட்டிலோ சக்கரத்திலோ இருக்கிறது. 120 லிங்க் செயின், 42 பல் ஸ்ப்ராக்கெட் என்றால், செயின் ஒரு முழுச் சுற்று வர 120ஐ 42ஆல் வகுத்த அளவு, அதாவது சுமார் 2.86 சக்கரச் சுற்று ஆகிறது. ஏறத்தாழ மூன்று சுற்றுக்கு ஒருமுறை சத்தம் வந்தால் செயினின் ஒரே இடத்தில்தான் குறை; அநேகமாக நீங்கள் போட்ட இணைப்பு. கிளிப் செயின் கவரில் உரசுகிறதா என்று பாருங்கள்.

செயின் தகட்டின் உள்பக்கமும் ஸ்ப்ராக்கெட்டின் பக்கவாட்டும் ஒரு புறம் மட்டும் பளபளத்தால் சக்கரம் கோணலாக இருக்கிறது. ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை முழுதாக நம்பாமல், ஸ்விங் ஆர்ம் அச்சின் நடுவிலிருந்து ஆக்சிலின் நடு வரை இரு பக்கமும் அளந்து சமமாக்குங்கள்.

பிரேக் பெடல் ஆழமாகப் போகிறது

லிங்க் குறைத்ததால் சக்கரம் முன்னால் வந்திருக்கிறது. பின்னால் டிரம் பிரேக் உள்ள வண்டிகளில், பெடலிலிருந்து போகும் கம்பியின் முனையில் இருக்கும் நட்டிலிருந்து பிரேக் கை விலகி நிற்கும். எனவே பெடலின் வெற்று அசைவு கூடும். கம்பியின் நட்டைத் திருகி, கையேடு சொல்லும் அளவுக்கு வெற்று அசைவைக் குறையுங்கள். பிறகு சக்கரத்தைச் சுற்றி, பெடலை விட்டதும் அது உரசாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். பிரேக் விளக்கு எரியும் நேரமும் மாறியிருக்கும். அதன் ஸ்விட்ச்சையும் சரிசெய்யுங்கள். டயர் ஸ்விங் ஆர்மின் முன்பகுதியிலோ மட்கார்டிலோ உரசவில்லை என்று விரலை நுழைத்துப் பாருங்கள். ஆக்சில் நட்டை டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கி, புதிய ஸ்ப்ளிட் பின்னை மாட்டுங்கள். நட்டை இறுக்கும்போது தொய்வு மாறுவது உண்டு. அதனால் இறுக்கிய பிறகும் ஒருமுறை அளந்துவிட்டே வண்டியை வெளியே எடுங்கள். புதிய செயின் தொடக்கத்தில் சற்றுத் தளரும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் தொய்வையும் கிளிப்பையும் மறுபடி பாருங்கள்.